வாசலுக்குப் புதுச் சட்டை!

குட்டீஸ்... பொங்கல், தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் என்று எந்தப் பண்டிகை வந்தாலும் நமக்கெல்லாம் புதுச் சட்டை கிடைத்துவிடுகிறது. நம் வீட்டு வாசலுக்கு?

ஒரு நிமிடம் தெருவில் போய் நின்று உங்கள் வீட்டைப் பாருங்கள். ஜோடி இல்லாத செருப்பு ஒன்று, கால் உடைந்த நாற்காலி, காற்று இறங்கிய சைக்கிள், கட்டிப் போட்ட பழைய பேப்பர், மழையில் ஊறிக் கறுத்த சுவர்... திண்ணை இருக்கிறது, ஆனால், உட்கார இடம் இல்லை. போர்டிகோ இருக்கிறது, ஆனால், அது பாதி குடோனாக மாறிவிட்டது. அப்படித்தானே?

“இதையெல்லாம் சரி செய்ய ஏகப்பட்ட பணம் ஆகுமே!” என்று வீட்டில் சொல்வார்கள். ஆகாது. நான்கு நாள் விடுமுறை, கொஞ்சம் சுண்ணாம்பு, வீட்டிலேயே கிடக்கும் பழைய சாமான்கள், உதவிக்கு ஒரு பெரியவர். இவ்வளவு போதும். வேலையைத் தொடங்கும் முன் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தெரிந்துகொள்வோம். திண்ணை யாருக்காகக் கட்டப்பட்டது?

யாருக்காகத் திண்ணை?

வீட்டுக்குள் உட்கார அறை இருக்கிறது, படுக்கக் கூடம் இருக்கிறது. அப்படியிருக்க, தெருவை ஒட்டி ஒரு மேடை எதற்கு? வீட்டுக்காரர்கள் காற்று வாங்கவும், ஊர்க்கதை பேசவும் மட்டுமல்ல. பஸ்ஸும் ரயிலும் இல்லாத காலத்தில் மக்கள் ஊர் விட்டு ஊர் நடந்தே போனார்கள். இருட்டிவிட்டால், மழை பிடித்துக்கொண்டால், வழியில் இருக்கும் ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் மூட்டையை இறக்கிவைத்துப் படுத்துக்கொள்வார்கள். பழைய திண்ணைகள் சிலவற்றில், ஒரு முனை மட்டும் சரிவாக உயர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது தலை வைத்துக்கொள்ளக் கட்டிய சிமென்ட் தலையணை! தலையணையையும் சேர்த்தே கட்டிவைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

வைணவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. திருக்கோவலூரில் ஒரு மழை இரவு. நனைந்தபடி வந்த பொய்கையாழ்வார், ஒரு வீட்டு வாசலை அடுத்திருந்த சிறிய இடைகழியில் ஒதுங்கிப் படுத்தார். சிறிது நேரத்தில் பூதத்தாழ்வார் வந்தார். “ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம்” என்று இருவரும் உட்கார்ந்தனர். அடுத்து, பேயாழ்வார் வந்தார். “இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம்” என்று மூவரும் நின்றுகொண்டனர். அந்த நெருக்கடியில் நான்காவதாகத் திருமாலே வந்து புகுந்துகொண்டார் என்று முடிகிறது கதை. இடம் சிறியதுதான். ஆனால், வந்தவர் யாரையும் ‘இடமில்லை, போ’ என்று சொல்லவில்லை.

திண்ணையின் கதையில் கசப்பான பக்கமும் இருக்கிறது. எல்லாத் திண்ணைகளிலும் எல்லாரும் உட்கார்ந்துவிட முடியவில்லை. பிறந்த சாதியைக் காரணம் காட்டி, எத்தனையோ பேரைத் திண்ணையில் ஏறவிடாமல், தெருவிலேயே நிற்க வைத்தார்கள். 1950-ல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு, தீண்டாமையை ஒழித்தது. அது குற்றம் என்றும் சொன்னது. ஆகவே, நாம் புதுப்பிக்கப் போகும் திண்ணைக்கு முதல் விதி இதுதான்: அதில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம்!

மணலில் எழுதிய பாடம்

திண்ணைதான் அந்தக் காலப் பள்ளிக்கூடமும் கூட. பிள்ளைகள் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்து, மணலைப் பரப்பி, விரலால் ‘அ, ஆ’ எழுதிப் பழகினர். பிறகு பனை ஓலை. பெரிய பிள்ளை, சிறிய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பான். அவனுக்குச் ‘சட்டாம்பிள்ளை’ என்று பெயர். ‘தமிழ்த் தாத்தா’ உ.வே.சாமிநாதையரும் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான்.

சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை, 1789 முதல் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நடத்திவந்தார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். மாணவர்களே மாணவர்களுக்குச் சொல்லித்தரும் முறையையும் அங்கே வளர்த்தார். 1797-ல் அவர் லண்டனில் இதுபற்றி எழுத, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில், அவர் விட்டுச்சென்ற பணத்தில் உருவான பள்ளிக்கு இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றுதான் பெயர்!

சரி... இனி கை நனைப்போமா?

முதல் நாள்: காலி செய்யுங்கள்

காசில்லாமல் வாசல் அழகாக ஒரே வழி, அங்கே இருப்பதைக் குறைப்பதுதான். திண்ணையில் இருக்கும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, நான்கு குவியலாகப் பிரியுங்கள்.

1. வாசலில் இருக்க வேண்டியவை.
2. வீட்டுக்குள் போக வேண்டியவை.
3. பழைய பேப்பர் கடைக்குப் போட வேண்டியவை.
4. வேறு வேலைக்கு ஆகக் கூடியவை. பழைய தகர டின், கொட்டாங்குச்சி, பருத்திச் சேலை, பலகை, செங்கல், பாதி மீந்த பெயின்ட் டப்பா.

மூன்றாவது குவியலை விற்று வரும் காசுதான் நம் திட்டத்தின் முதல் வரவு!

கவனம்: நெடுநாள் அசையாமல் கிடந்த சாமானுக்கு அடியில் தேள், பூரான் இருக்கலாம். பெரியவர் ஒருவர் குச்சியால் தட்டி நகர்த்திய பிறகே கை வையுங்கள். டயர், பிளாஸ்டிக் எதையும் கொளுத்த வேண்டாம். அந்தப் புகை நம் நுரையீரலுக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தையின் நுரையீரலுக்கும் விஷம்.

இன்னொரு முக்கிய விஷயம். கதவு, ஜன்னல் கம்பிகளில் உரிந்து நிற்கும் பழைய பெயின்ட்டை நீங்கள் சுரண்டாதீர்கள். பழைய பெயின்ட் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. அந்தத் தூள் உடலுக்குள் போனால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வீட்டு பெயின்ட்டில் ஈயம், 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல் இந்தியாவில் விதி வகுத்தார்கள். அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த பெயின்ட் என்றால், ஈரத் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அன்று மாலை: நோட்டும் பென்சிலும்

ஒரு பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள். ‘வீட்டில் இருப்பது’, ‘கேட்டு வாங்குவது’, ‘காசு கொடுத்து வாங்குவது’. எந்தப் பொருளையும் மூன்றாவது கட்டத்தில் எழுதும் முன், முதல் இரண்டில் எழுத முடியுமா என்று யோசியுங்கள். செடிக்கு எதற்குக் காசு? பக்கத்து வீட்டு அத்தையிடம் ஒரு கிளை கேட்டால் தரமாட்டாரா? மட்டை எதற்கு வாங்க வேண்டும்? போன பொங்கலுக்கு வெள்ளையடித்த எதிர் வீட்டில் இரவல் கிடைக்குமே!

அடுத்து, சுவரை அளங்கள். நீளம் 8 அடி, உயரம் 7 அடி என்று வைத்துக்கொள்வோம். 8 × 7 = 56 சதுர அடி. இரண்டு முறை அடிக்க வேண்டும். ஆக, 112 சதுர அடி. இந்த எண்ணைக் கடைக்காரரிடம் சொன்னால், எவ்வளவு சுண்ணாம்பு போதும் என்று சொல்லிவிடுவார். அளக்காமல் போனால், ஒன்று பற்றாமல் மறுபடி ஓட வேண்டும். அல்லது பாதி மூட்டை வீணாகும். பள்ளிக்கூடத்தில் படித்த பரப்பளவு இங்கேதான் காசாகிறது!

இரண்டாம் நாள்: வெள்ளை வெளேர்

சுவருக்கு மிகச் சிக்கனமான சட்டை, சுண்ணாம்புதான். அதற்குள் ஒரு விந்தையும் ஒளிந்திருக்கிறது.

சுண்ணாம்புக் கல்லையோ கடல் கிளிஞ்சலையோ சூளையில் சுட்டால், அதிலிருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் விட்டால், ‘புஸ்’ஸென்று பொங்கிக் கொதிக்கும், நீற்றுச் சுண்ணாம்பு கிடைக்கும். இதைக் கரைத்துச் சுவரில் பூசுகிறோம். சுவரில் காயக் காய, காற்றிலுள்ள கரியமில வாயுவை அது மெல்ல மெல்ல இழுத்துக்கொள்கிறது. கடைசியில் என்ன ஆகும்? மறுபடியும் சுண்ணாம்புக் கல்லே ஆகிவிடும்! அதாவது, நீங்கள் சுவருக்கு வெள்ளையடிக்கவில்லை; தாள் போல மெல்லிய கல்லை ஒட்டுகிறீர்கள்.

சுட்ட சுண்ணாம்பை நீற்றும் வேலை பெரியவர்களுடையது. பக்கத்தில்கூடப் போகாதீர்கள், அதன் சூடு தோலைப் பொசுக்கிவிடும். நீற்றிப் பொடியாக விற்கும் பாக்கெட்டை வாங்குவது நல்லது. முதல் நாள் இரவே தண்ணீரில் கரைத்து, காலையில் பழைய துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். மோர் போல நீர்த்திருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால், காய்ந்ததும் பொருக்குப் பொருக்காக உதிரும். துணிக்குப் போடும் நீலம் நான்கைந்து சொட்டு விட்டால், வெள்ளை இன்னும் பளிச்சென்று தெரியும்.

சுவரைத் துடைப்பத்தால் பெருக்கி, தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள். பிறகு மட்டையால் ஒரு முறை மேலும் கீழுமாக, காய்ந்த பின் ஒரு முறை குறுக்காக அடியுங்கள். முதலில் அடிக்கும்போது, “என்ன, வெள்ளையே தெரியவில்லையே?” என்று தோன்றும். பயப்படாதீர்கள். ஈரத்தில் சுண்ணாம்பு கண்ணாடி போலத்தான் இருக்கும், காய்ந்தால்தான் வெளுக்கும்.

சுண்ணாம்பு கண்ணுக்குப் பெரிய எதிரி. கண்ணாடி, முழுக்கைச் சட்டை, கையுறை அவசியம். தலைக்கு மேல் உயரத்தில் அடிக்க வேண்டியதைப் பெரியவர்களுக்கு விட்டுவிடுங்கள். தவறிக் கண்ணில் தெறித்தால், கசக்காமல், நல்ல தண்ணீரை விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள். உடனே டாக்டரிடம் போக வேண்டும். ஏற்கெனவே டிஸ்டெம்பரோ, எமல்ஷன் பெயின்ட்டோ அடித்த சுவரில் சுண்ணாம்பு சரியாகப் பிடிக்காது. அங்கே சோப்புத் தண்ணீரால் துடைத்தாலே பாதி பொலிவு திரும்பிவிடும்.

மூன்றாம் நாள்: சிவப்பும் விளிம்பும்

வெள்ளைச் சுவரின் அடியில் ஒரு சாண் அகலத்துக்குக் காவிப் பட்டை. அடடா, திண்ணைக்கே தனிக் களை வந்துவிடும்! மழைச் சேறு தெறித்தாலும் கறை தெரியாது. காவி மண் ஏன் சிவப்பாக இருக்கிறது தெரியுமா? அதில் இரும்பு ஆக்சைடு இருக்கிறது. சைக்கிள் செயினில் பிடிக்கும் துருவின் சொந்தக்காரர்தான் அது! பழைய வீடுகளின் சிவப்புத் தரைக்கும் சிமென்ட்டில் இதைத்தான் கலந்தார்கள்.

எளிய பொருள்தானே என்று நினைக்காதீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையின் தரை, முகம் பார்க்கும் அளவு கறுப்பாகப் பளபளக்கும். அதில் சுண்ணாம்போடு கொட்டாங்குச்சிக் கரியும், முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்திருப்பதாகச் சொல்கிறார்கள். ராஜா வீட்டுக்கே கொட்டாங்குச்சிதான்!

அடுத்து, ‘பாட்டி பரிசோதனை’. பாட்டியையோ தாத்தாவையோ வாசல் படியில் மெதுவாக ஏறி இறங்கச் சொல்லி, எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனியுங்கள். ஆடும் கல், வழுக்கும் பாசி, இருட்டுப் படி... இவை அழகைவிட அவசரமானவை. பாசியைத் தென்னந் துடைப்பத்தால் தேய்த்து எடுங்கள். ஆடும் கல்லை அப்பாவிடம் காட்டுங்கள். மீந்த வெள்ளை பெயின்ட் இருந்தால், ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு விரல் அகலத்துக்குக் கோடு போடுங்கள். கண் பார்வை மங்கியவர்களுக்குப் படி எங்கே முடிகிறது என்று அந்தக் கோடு சொல்லும். ஒரு கோடுதான், ஆனால், ஒரு எலும்பு முறிவையே தடுத்துவிடலாம்.

நான்காம் நாள்: பச்சையும் பாயும்

தொட்டிகள்: தகர டின்னுக்கும் கொட்டாங்குச்சிக்கும் அடியில் பெரியவர்களைத் துளை போடச் சொல்லுங்கள். துளை இல்லாவிட்டால் வேர் அழுகிவிடும். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் கலந்து நிரப்புங்கள். கற்பூரவல்லி, மணி பிளான்ட், டேபிள் ரோஸ் மூன்றும் கிளை ஒடித்து நட்டாலே பிழைத்துக்கொள்ளும். டேபிள் ரோஸுக்குப் ‘பத்து மணிப் பூ’ என்றும் பெயர். வெயில் ஏறினால்தான் அது கண் விழிக்கும். சமையலறை வெந்தயம் ஒரு பிடி தூவுங்கள். சில நாட்களில் முளைத்துவிடும். மூன்று, நான்கு வாரத்தில் அம்மாவுக்கு ஒரு கட்டு கீரை!

தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால், அதில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒரு முறையாவது கொட்டி, தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, இப்படித் தேங்கும் தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது; தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டை, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால்தான் தேய்க்கச் சொல்கிறோம்.

கால்மிதி: கிழிந்த பருத்திச் சேலையை இரண்டு அங்குல அகலத்துக்கு நீளநீளமாகக் கிழியுங்கள். மூன்று துண்டுகளின் நுனியை முடிச்சுப் போட்டு, சடை பின்னுவது போலப் பின்னுங்கள். துண்டு தீர்ந்தால் அடுத்ததை முடிந்துகொள்ளுங்கள். நீளச் சடையைத் தரையில் வைத்து, ஜிலேபி போல வட்டமாகச் சுற்றி, சுற்றுக்குச் சுற்று ஊசி நூலால் தைத்தால் கால்மிதி ரெடி.

உட்கார இடம்: திண்ணை இல்லாத வீடா? இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, மேலே தடித்த பலகை போடலாம். சுமார் 18 அங்குல உயரம் இருந்தால், வயதானவர்கள் சிரமமின்றி எழுந்திருப்பார்கள். ஆடாமல் இருக்கிறதா என்று பெரியவர்கள் சோதித்த பிறகே உட்காருங்கள்.

தண்ணீர்: மூலையில் ஒரு மண் பானை. மண்ணின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். கரன்ட் இல்லாத பிரிட்ஜ்! மூடியும் டம்ளரும் வைத்து, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். குருவிக்கும் அணிலுக்கும் ஒரு ஓட்டுச் சில்லில் ஆழமில்லாமல் தண்ணீர். கோலத்தை அரிசி மாவில் போட்டால், எறும்புக்கும் விருந்து.

பிளாட்டில் இருக்கிறீர்களா?

கவலை வேண்டாம். கதவுக்கு முன்னால் இருக்கும் மூன்றடியும் வாசல்தான். செருப்பை அலமாரிக்குள் அனுப்புங்கள், கதவைத் துடையுங்கள், ஒரு கால்மிதி, ஒரு சிறிய கோலம், சுவரோரம் ஒரே ஒரு செடி. நடைபாதையும் மாடிப் படியும் எல்லாருக்கும் பொது. தீ விபத்து போன்ற அவசரத்தில் ஓட வேண்டிய வழி அது. எதையும் வைத்து அடைக்காதீர்கள். கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைக்கவே கூடாது. கீழே போகிறவர் தலையில் விழுந்தால் என்ன ஆகும்?

கடைசிப் பரீட்சை

வேலை முடிந்ததும் போட்டோ எடுப்பீர்கள், நண்பர்களிடம் காட்டுவீர்கள். தாராளமாக! ஆனால், உங்கள் வாசல் பாஸா, பெயிலா என்று போட்டோவைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு வாரம் பொறுத்திருந்து பாருங்கள்.

தலையில் கூடையோடு வரும் கீரைக்காரப் பாட்டி, “அப்பாடா!” என்று உட்கார்ந்தாரா? வெயிலில் பார்சல் கொண்டுவந்த அண்ணன், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாரா? தெருவைச் சுத்தம் செய்யும் அக்கா, மழைக்கு உங்கள் திண்ணையில் ஒதுங்கினாரா? அவர்களாக உட்காரத் தயங்கினால், “உட்காருங்க பாட்டி”, “தண்ணீர் குடிங்க அண்ணா” என்று நீங்கள்தான் முதலில் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்குச் சல்லிக்காசு செலவில்லை!

அடுத்த விடுமுறைக்குக் காத்திருக்காதீர்கள். இந்த சனிக்கிழமையே அந்த ஜோடி இல்லாத செருப்பில் இருந்து தொடங்குங்கள்!